விரதக்காரியின் வாய்

கந்தசஷ்டி முடிந்த மறுநாள் காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு, பாறணைச் சோற்றின் முதல் கவளத்தை வாயில் வைத்த என் மகள் அழுதாள்.

சத்தம் போட்டு அழவில்லை. கண்ணீர் மட்டும் கன்னத்தால் வழிந்து வாழையிலையில் விழுந்தது. ஆறு நாளும் பகலில் தண்ணீரும் மாலையில் ஒரு கோப்பை பாலுமாக இருந்தவள். அதற்கு முன்னர் கேதாரகௌரி விரதம், இருபத்தொரு நாளும் ஒருநேரச் சாப்பாடு. அது முடிந்த கையோடு சஷ்டியையும் தொடங்கினாள். இவ்வளவுக்கும் பிறகு வயிறாறச் சாப்பிடட்டும் என்று விடிய முன்னரே எழும்பி அகத்திக்கீரை, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், மோர்மிளகாய், பாயசம் எல்லாம் சமைத்து வைத்திருந்தேன். விரதம் முடிக்கும் சாப்பாட்டில் குறை இருக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அடுத்த வளவில் இருக்கும் என் மச்சாள், என் கணவரின் தங்கை, சுடச்சுட வடையோடு வந்து நின்றாள். மகளின் கண்ணீரைக் கண்டதும் வடைத் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பாத்தியளே அண்ணை, பிள்ளை உருகிறதை. முருகன் கண் திறந்திட்டான். இனி மாப்பிள்ளை வாசலிலை வந்து நிப்பான்."

"முருகனுமில்லை, மாப்பிள்ளையுமில்லை," என்றார் இவர். "உன்ரை மச்சாள் குழம்புக்குத் தூளை அள்ளிக் கொட்டியிருக்கிறா. எனக்கே மூக்காலை ஓடுது."

நான் மச்சாளின் பக்கம். எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. நான் படிப்பிக்கும் பாடசாலையில் மற்ற ஆசிரியைகள் தங்கள் பிள்ளைகள் கோயிலுக்கு வருகிறார்களில்லை என்று குறைப்படும்போது, "என்ரை மகள் சஷ்டி பிடிக்கிறாள்" என்று இரண்டு மூன்று தரம் சொல்லியும் இருந்தேன்.

அப்போது மகள் எழுந்தாள். குசினியைக் கடந்து பின்வாசலால் போய், வாழையடியில் குனிந்து அந்தச் சோற்றைத் துப்பினாள்.

பாறணைச் சோற்றை யாரும் துப்பி நான் கண்டதில்லை. பின்னால் ஓடினேன். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். கையை இழுத்து விலக்கி, வெயில் விழும் பக்கமாக முகத்தைத் திருப்பி, "ஆ காட்டு" என்றேன். இருபத்தெட்டு வயதுப் பெண். கரவெட்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை செய்பவள். பால்பற்காலத்தில் திறந்ததைப் போல வாயைத் திறந்தாள்.

கன்னத்தின் உட்பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடியிருந்தன. தென்னையில் பன்னாடை இருக்குமே, அதை மெல்லியதாகப் பின்னி உள்ளே ஒட்டிவிட்டதைப் போல. மற்றக் கன்னத்திலும் அதேதான். பல்லடி முரசுச் சதை கொழுந்துச் சிவப்பாக, தொட்டால் உரியும் போல இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"ஆடியிலையிருந்து."

ஆடி போய், ஆவணி போய், புரட்டாதி போய், ஐப்பசி நடக்கிறது. என் தலைக்குள் கணக்கு ஓடியது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போன பொழுதெல்லாம் கச்சான் வேண்டாம், கடலை வேண்டாம் என்று ஐஸ்கிறீம் மட்டும் குடித்தவள். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தவள் பிறகு செவ்வாயும் பிடித்தாள். பிறகு சதுர்த்தி. பிறகு கார்த்திகை. ஒருநேரச் சாப்பாட்டுக்கும் கறி வேண்டாம், பாலும் சோறும் போதும் என்றாள். எவ்வளவு கடுமையாகப் பிடிக்கிறாள் என்று நான் வியந்தேன். பிள்ளைக்குச் சாப்பிட முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் சாப்பிடாமல் இருக்கிறாள் என்றால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், என்ன விரதம் என்றுதான் கேட்பார்கள். அவள் அதைத் தெரிந்து வைத்திருந்தாள்.

"ஏனடி சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் சாப்பிடமாட்டியள், அம்மா."

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஊரடங்கு நாளொன்றில் காய்ச்சல் கொதித்தது. வெளியில் போகவும் முடியாது, உள்ளே இருக்கவும் முடியாது. அன்று முழுக்க நான் நடுங்கிய நடுக்கத்தைக் கட்டிலில் கிடந்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் மாறிய பிறகு இவரிடம், "அப்பா, எனக்கு வருத்தம் வந்தால் அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றாளாம். அவர் சிரித்துக்கொண்டு அதை என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன். அவள் அந்தச் சொல்லை இத்தனை வருடமும் காப்பாற்றி வந்திருக்கிறாள் என்பது அன்றைக்கு வாழையடியில்தான் விளங்கியது.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாயில் வெள்ளை பிடித்து அது புற்றாகிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் மகள் வாழ்நாளில் வெற்றிலையைத் தாம்பூலத் தட்டில் தவிர வேறெங்கும் தொட்டதில்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்தான் எனக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. வாயால் சொல்லப் பயந்தேன். அவளும் கைபேசியில் தேடி அதே சொல்லைக் கண்டுதான் பேசாமல் இருந்திருக்கிறாள் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஒரே வீட்டில் ஒரே சொல்லை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்தோம்.

வைத்தியத்தை முதலில் மச்சாள் கையில் எடுத்தாள்.

"உது வயித்துச் சூடு. விரதம் கூடிப்போச்சு. மணத்தக்காளிச் சொதி வையுங்கோ."

தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தோம். அது இதமாக இருந்தது, ஆனால் கோடுகள் போகவில்லை. மச்சாள் படிகாரம் கொண்டுவந்தாள். உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கராம்பும் கறுவாப்பட்டையும் கலந்த மூலிகைப் பற்பசை ஒன்று கடைகளில் இருக்கிறது. வாயில் வைத்தால் காது வரைக்கும் ஏறும். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே பல்வலிக்கு அதுதான். நான் அதை வாங்கிக்கொண்டு வந்து, மூன்று நேரமும் அழுத்தித் தீட்டச் சொன்னேன்.

"அம்மா, எரியுது."

"எரிஞ்சால்தான் வேலை செய்யுது எண்டு அர்த்தம். பொறு பிள்ளை."

மச்சாளும் தலையாட்டினாள். காயத்துக்கு மருந்து போட்டாலும் சரி, கண்ணுக்குத் துளி விட்டாலும் சரி, எரிந்தால்தான் எங்களுக்குத் திருப்தி. ஒருநாள் காலை மகள் பல் தீட்டிவிட்டுத் துப்பியதில் இரத்தம் கலந்திருந்தது. இவர் அந்தப் பற்பசையை என் கையிலிருந்து பறித்தார்.

"நீர் சும்மா இரும். நீரும் என்ரை தங்கச்சியும் சேர்ந்து பிள்ளையின்ரை வாயை நெருப்பு வைச்சுக் கொளுத்தப் போறியள். வெளிக்கிடும், பல் டொக்டரிட்டைப் போவம்."

பல் வைத்தியர் இளைஞர். கண்ணாடிக் கரண்டியால் நீண்ட நேரம் பார்த்தார். தனக்கு ஒரு யோசனை இருக்கிறது, ஆனால் வாய்நோய்களுக்கான நிபுணர் பார்த்துச் சொல்வதுதான் சரி என்று ஒரு துண்டு எழுதித் தந்தார். அவர் சிரித்துக் கதைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. நான் ஓட்டோவில் வரும் வழி முழுக்க அவர் ஏன் சிரிக்கவில்லை என்று இவரைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"அந்தாளுக்குப் பல்லு வலியோ என்னவோ," என்றார் இவர். மகள் சிரித்தாள். உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நிபுணர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். மகளை "தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டா. விறைக்க ஊசி போட்டு, கன்னத்தின் உட்பக்கத்தில் மிகச் சின்னத் துண்டொன்றை வெட்டி எடுத்து, ஒரு தையல் போட்டுச் சோதனைக்கு அனுப்பினா. முடிவு வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுதலாம் என்றுதான் பேனையை எடுத்தேன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் வசனம் நின்றுவிடும். பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். நான் கரும்பலகையைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் மகள் ஒன்றும் நடவாததைப் போலக் கந்தோர்க் கதை சொல்லுவாள். அவளுக்கு எதிரே இருந்து நானும் ஒன்றும் நடவாததைப் போலக் கேட்பேன். இவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்ல நாடகம். ரிக்கற் எவ்வளவு?" என்பார்.

முடிவு வந்த அன்று டொக்டர் எங்களை இருத்தி, முதலில் அந்தச் சொல்லைத்தான் எடுத்தா.

"கேன்சர் இல்லை. அதை முதலிலை விடுங்கோ. இது லைக்கன் பிளேனஸ் எண்டு ஒரு வருத்தம். தோலிலையும் வரும், வாய்க்குள்ளையும் வரும். எங்கடை உடம்பைக் காக்க இருக்கிற காவல்காரர், ஆள் தெரியாமல் எங்கடை தோலோடையே சண்டை பிடிக்கிற மாதிரி. ஒருத்தருக்கும் தொத்தாது. பயப்பிட ஒண்டுமில்லை."

"மாறிடும்தானே டொக்டர்?"

"அடங்கும் அம்மா. பேந்தும் வரும். பேந்தும் அடங்கும். முற்றாய்ப் போகும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஆனால் அடக்கி வைச்சுக்கொண்டு நல்லாச் சீவிக்கலாம். என்ன பேஸ்ற் பாவிக்கிறியள்?"

நான் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். டொக்டர் பேனையை மேசையில் வைத்தா.

"அதை இனி வீட்டிலை வைச்சிருக்கவும் வேண்டாம். கறுவாவும் கராம்பும் இந்த வாய்க்கு ஆகாது."

"எரிஞ்சால் வேலை செய்யுது எண்டு..."

"எரிஞ்சால் எரியுது, அம்மா. அவ்வளவுதான்."

இவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் அவருடைய தோள் குலுங்குவதை நான் கண்டேன்.

பூசுகிற மருந்தொன்று தந்தா. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மெல்லிய பிரஷ்ஷால் பல் தீட்டி, புண் இருக்கும் இடத்தைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, தேய்க்காமல் தொட்டு வைக்க வேண்டும். பிறகு அரை மணித்தியாலம் தண்ணீரும் குடிக்கக்கூடாது. கொஞ்சக் காலத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்கும் குளிசையும் உண்டு. கொப்பளித்துவிட்டுத் துப்ப வேண்டும், விழுங்கக்கூடாது. உறைப்பு, புளி, தேசிக்காய், முறுக்கு மிக்சர் போலக் கன்னத்தைக் கீறுகிறவை எல்லாவற்றையும் அடங்கும்வரைக்கும் விடச் சொன்னா.

பிறகு என்னை விட்டுவிட்டு மகளோடு கதைத்தா.

"தங்கச்சி, இது கனகாலத்துக்கு இருக்கப்போற சாமான். மிகச் சிலருக்கு, எப்பவாவது, இந்த இடம் வேறை மாதிரி மாறக்கூடும். அதுக்காகத்தான் நாங்கள் தவறாமல் கூப்பிட்டுப் பாக்கிறது. ஆனால் நான் வருசத்திலை ரெண்டு மூண்டு தரம்தான் பாப்பன். மற்ற நாளெல்லாம் உங்கடை வாய் உங்களுக்குத்தான் தெரியும். ஆறாத புண், தடிப்பு, புது நோவு, ஏதாவது வித்தியாசம் எண்டால் சொல்லவேணும். நேரத்துக்குச் சொன்னால் எதையும் பாக்கலாம். ஒளிச்சு வைச்சால் ஒருத்தராலையும் ஏலாது."

மகள் நிலத்தைப் பார்த்தாள். கேன்சர் இல்லை என்று சொன்னபோது என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரம் அந்த இடத்தில் மீண்டும் ஏறி உட்கார்ந்தது. மருந்து இருக்கிறது. டொக்டர் இருக்கிறா. எல்லாம் என் பிள்ளை வாய் திறந்து 'நோகுது' என்று சொல்வதில் நிற்கிறது. அவள் சொல்லமாட்டாள்.

"டொக்டர்," என்றேன், "நான் ஒவ்வொரு நாளும் பாக்கட்டோ?"

"என்னத்தை?"

"வாயை."

மகள் நிமிர்ந்தாள். "டொக்டர், அம்மாவுக்கும் ஏதாவது மருந்து எழுதிக் குடுங்கோ."

எங்கள் குசினி மாறியது. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் போத்தல் மேல் தட்டுக்குப் போனது. காலையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும், மத்தியானம் பருப்பும் பூசணிக்காய்ப் பால்கறியும், இரவு பிட்டும் பாலும் வாழைப்பழமும். சொதிக்குக் கடைசியில் தேசிக்காய்ப் புளி விட என் கை தன்பாட்டில் போகும், இழுத்துக்கொள்வேன். இவர் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டு முடிந்ததும் பின்பக்கம் போய் மாமரத்தடியில் நிற்பார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். சேட்டுப் பையிலிருந்து பொரித்த மோர்மிளகாய் ஒன்றை எடுத்து, ஒளித்துச் சுருட்டுக் குடிக்கும் பொடியனைப் போலக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை காணாமல்," என்றார்.

"அப்பா, எனக்கு மணக்குது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மருந்து பூசிய பிறகு வரும் அந்த அரை மணித்தியாலத்தில் மகள் வாய் திறக்கமாட்டாள். தலையாட்டல் மட்டும்தான். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. சம்பந்தம் பேசி வந்த இடங்கள், குடை எடுக்காமல் வேலைக்குப் போவது, அலுமாரிக்குள் துணி சுருண்டு கிடப்பது எல்லாவற்றையும் அந்த நேரத்தில்தான் கதைப்பேன். அவள் கண்ணை உருட்டுவாள். நேரம் முடிந்ததும் ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுப் படுக்கப் போவாள்.

காலையில் என் முறை. கைபேசி வெளிச்சத்தைப் பிடித்து "ஆ காட்டு" என்பேன். காட்டுவாள். சிவப்புக் குறைந்து வந்தது. கோடுகள் இருந்தன, ஆனால் அவை நோகவில்லை என்றாள். கோடு இருந்தால் இருக்கட்டும், நோவும் புண்ணும் இல்லாமல் இருப்பதுதான் வைத்தியம் என்று டொக்டர் சொல்லியிருந்தா.

பிறகு ஒரு கிழமை அவள் அவசரமாகப் போகிறேன், பஸ் போய்விடும் என்று வெளிச்சத்துக்கு முகம் காட்டாமல் ஓடினாள். அந்தக் கிழமையின் கடைசியில், குசினி வாசலில் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, இண்டைக்குச் சதுர்த்தி. நான் விரதம்."

சொதி அகப்பை என் கையில் இருந்தது. அதை வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஆ காட்டு."

"அம்மா..."

"காட்டு."

நாக்கிலும் கன்னத்திலும் தயிரைப் பூசியதைப் போல வெள்ளை படிந்திருந்தது. கதிரையில் இருந்துவிட்டேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தாள்.

"இதுக்குத்தான் சொல்லேல்லை," என்றாள். "பாருங்கோ உங்களை. எனக்கு வாய் நோகுதெண்டால், பேந்து உங்களையும் நான் பாக்கவேணும். ஒவ்வொரு நாளும் விடிய வாயைத் திற, வாயைத் திற எண்டால், நான் என்ன சந்தையிலை நிக்கிற மாடோ?"

அதைச் சொல்லிவிட்டு அவளே அழத் தொடங்கினாள். இவர் வாசலில் வந்து நின்றார். ஓட்டோவைக் கூப்பிடப் போனார்.

அது பூஞ்சணமாம். பூசுகிற மருந்தால் சிலருக்கு வருமாம். துளி மருந்து தந்து, பூஞ்சணம் அடங்கும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து விழுங்கச் சொன்னா டொக்டர். "முதல் நாளே வந்திருந்தால் இவ்வளவு எரிஞ்சிருக்காது, தங்கச்சி" என்று மட்டும் சொன்னா. மகள் "ஓம்" என்றாள். நானும் "ஓம்" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். நான் இனி வெளிச்சம் பிடிப்பதில்லை. அவள் வாயை அவளே கண்ணாடியில் பார்ப்பாள். ஏதும் என்றால் சொல்லுவாள். சொன்னால் நான் கதிரையில் இருந்துவிடக்கூடாது.

"நிண்டுகொண்டே கேக்கவேணும்," என்றாள்.

"நிண்டுகொண்டே கேக்கிறன்."

"சாப்பிடவும் வேணும்."

"சாப்பிடுறன்."

"நான் சாட்சி," என்றார் இவர், முன்பக்கம் திரும்பியபடி.

வெளிச்சம் பிடிக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் அவள் தேநீரை ஆற்றிக் குடிக்கும்போது முகத்தைப் பார்ப்பேன். பார்க்காததைப் போலப் பார்ப்பேன். எந்தப் பக்கத்தால் சப்புகிறாள், தண்ணீரை ஏன் இரண்டு தரம் குடித்தாள் என்று உள்ளுக்குள் ஓடும். வாய் வரைக்கும் வந்த கேள்வியை விழுங்குவேன். தைப்பொங்கல் வந்தது. சர்க்கரைப் பொங்கலை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள், விரதம் என்று சொல்லவில்லை. மச்சாள் மட்டும், "என்ன பிள்ளை, விரதங்களை விட்டிட்டாய், மாப்பிள்ளை வேண்டாமோ?" என்று கேட்டாள். "மாமி, சொதி சாப்பிடுற மாப்பிள்ளை இருந்தால் சொல்லுங்கோ," என்றாள் மகள்.

அடுத்த கிளினிக்குக்கு நான் வரத் தேவையில்லை, தான் தனியே போவதாகச் சொன்னாள். எனக்குப் பாடசாலையும் இருந்தது. ஒப்புக்கொண்டேன். காலையிலேயே கிளினிக், முடிந்ததும் கந்தோர், வழக்கமான பஸ்ஸில் வீடு.

அந்த பஸ்ஸில் அவள் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. கைபேசியை எடுக்கவில்லை. நான் கேற்றுக்கும் குசினிக்குமாக நடந்தேன். டொக்டர் ஏதோ கண்டிருப்பா. திரும்பவும் வெட்டிப் பார்க்கவேண்டும் என்றிருப்பா. பிள்ளை எங்கேயோ ஒரு பஸ் தரிப்பில் இருந்து, வீட்டுக்கு வந்து எதைச் சொல்வது, எதை ஒளிப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். இவ்வளவும் நானே கண்டதைப் போல மனத்தில் ஓடியது. இவர் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்தார். ஒரே பக்கத்தைத்தான் நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் மதிலுக்கு அப்பால் இறங்கும் நேரத்தில் கேற் சத்தம் கேட்டது. குடையை மடக்கியபடி அவள் வந்தாள். பஸ் பழுதாகி நெல்லியடியில் நின்றுவிட்டதாம், கைபேசியில் சார்ஜ் இல்லையாம். நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இருக்காமல், நின்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"டொக்டர் நல்லா அடங்கியிருக்கெண்டவ. ஆனால் அம்மா, பேசாதேங்கோ, பஸ் நிண்ட இடத்திலை பசி தாங்கேலாமல் ஒரு உறைப்பு றோல்ஸ் திண்டிட்டன். வலப்பக்கம் நல்லா எரியுது. சொதி இருக்கோ?"